மைனஸ் இருபத்துமூன்று

நீடாமங்கலம் கேட் மூடியிருக்கிறது.
அரவைக்குப் போகும் நெல், நாற்பத்திரண்டு பெட்டி.
கடைசிப் பெட்டி போகும்வரை
என் ஸ்கூட்டியும் ஒரு கரும்புச்சாறு வண்டியும்
பக்கத்தில் பக்கத்தில்.
எட்டு மணி ஷிப்ட்.
ரோட்டர்டாமில் இப்போது மாலை நாலரை.

உரக்கடைக்கு மேல் மாடி.
ஏசியைப் போட்டால் யூரியா வாசம்.
கீழே கோதண்டபாணி "டிவி ரிப்பேரா?" என்பார்.
இல்லை இல்லை என்று சொல்லி அலுத்து
ஆமாம் என்று தலையாட்டத் தொடங்கி
ஆறு மாதமாகிறது.

நான் பார்ப்பது இது:
யாரோ ஒரு டென்மார்க்காரி அழுகிறாள்.
படம் முழுக்கச் சராசரி
மைனஸ் இருபத்துமூன்றில் நிற்க வேண்டும்.
சோப்பு விளம்பரம் ஒரு புள்ளி கூடுதலாகக் கத்தினால்
திருப்பி அனுப்பு.
நொடிக்கு மூன்று தரத்துக்கு மேல் வெளிச்சம் வெட்டினால்
எந்த ஊர்ப் பிள்ளைக்கோ வலிப்பு வரும், நிறுத்து.
கதைக்கு நடுவே காப்பிப் பொட்டலம் தெரிந்தால்
காசு வாங்கித்தான் காட்டினோம் என்று
மூலையில் ஒரு குறி.
இந்த மாதம் புதிதாக:
முகம் எந்திரம் வரைந்தது என்றால்
எந்திரம் வரைந்தது என்றே எழுது.
"இன்னொரு விதி, சாந்தரூபி, மன்னித்துக்கொள்"
என்று மார்லேனின் மெயில்.

மூணாறு தலைப்பில்
இளஞ்சேரனுக்கும் ராத்திரி வேலைதான்.
லஸ்கர்.
டார்ச் சர்க்காருடையது, கிரீஸ் டப்பா சொந்தக் காசு.
வெண்ணாறு மூன்றாய்ப் பிரியும் இடத்தில்
அவன் சுற்றுகிற சுற்றுக்கு
கோரையாறு ஒரு சாண் ஏறும்,
பாமணி ஒரு விரல் இறங்கும்.
எத்தனை சுற்று என்று போனில் யாரோ சொல்வார்கள்.
நீரொழுங்கி என்று பலகை.
"ஒனக்கும் அதே உத்தியோகந்தான்,
ஷட்டர் மட்டும் கம்ப்யூட்டர்ல"
என்பான்.
ஜோசியர் பார்க்காமல் விட்ட பொருத்தம்.

மார்லேன் ஒருநாள் சொன்னாள்,
டிவி ஓடிக்கொண்டிருந்த அலைவரிசையில்
மேல்மடையைப் போன்காரர்கள் எடுத்தாயிற்று.
மிச்சம் இரண்டாயிரத்து முப்பதுவரை டிவிக்கு.
அப்புறம்?
அப்புறம் எல்லா நாடும் உட்கார்ந்து பேசும்.
நான் சிரித்துவிட்டேன்.
ஏன் சிரித்தேன் என்று சொல்ல
என் இங்கிலீஷ் போதவில்லை.

செவ்வாய்க்கிழமை, ஒன்று பத்துக்குப் போன்.
ஜாம்புவானோடையிலிருந்து
ரெண்டு லோடு ஆட்டோவில் பதினோரு பேர்.
நாற்றங்கால் வெடித்துவிட்டதாம்.
முறைத் தண்ணீர் வெள்ளிக்கிழமைக்குத்தான்.
"சத்தம் போட்டாக்கூடப் பரவால்ல.
ஒரு வார்த்த பேசாம
கட்டச்செவுத்துல ஒக்காந்திருக்காங்க."

என் திரையிலும் ஒருத்தி
சமையற்கட்டில் உட்கார்ந்திருந்தாள்,
பதினெட்டு நிமிடமாக.
மீட்டர் முள் அசையவில்லை.
பழுதோ என்று விதிப்புத்தகத்தை எடுத்து
அன்றுதான் கடைசிவரை படித்தேன்.
சராசரி போடும் இடத்தில் ஒரு கேட் இருக்கிறது.
அதற்குக் கீழே போகிற ஒலி
உள்ளே சேராது.
பூஜ்யம் என்றுகூட எழுதுவதில்லை.
எழுதுவதே இல்லை.

போனை அவன் வைக்கவில்லை, நானும்.
தவளைகள். யாரோ பீடி பற்றவைக்கும் உரசல்.
பிறகு, ஹெட்போனின் ஒரு காதில்,
கிரீஸ் தடவிய திருகு திரும்பும் முனகல்.
எண்ணினேன்.
ஏழு.
உத்தரவு வந்ததா என்று கேட்கவில்லை.

படம் தேறியது. மைனஸ் இருபத்துமூன்று, சுத்தமாக.
குறிப்பு என்ற கட்டத்தில்
இரண்டு வருஷத்தில் முதன்முதலாக எழுதினேன்:
பதினெட்டு நிமிடம் இவள் பேசவில்லை.
எனக்குக் கேட்டது.

விடியுமுன் பதில் வந்துவிட்டது.
"எந்த விதியின் கீழ்?"

காலை ஆறரை. கேட் மூடியிருக்கிறது.
அந்தப் பக்கம் சைக்கிளில் இளஞ்சேரன்,
முழங்கைவரை கிரீஸ்.
நடுவே காலிப் பெட்டிகள் திரும்பி வருகின்றன,
தடதடவென்று,
நிச்சயம் அளவுக்கு மேல்.