அமரத்தில் நிற்பவள்

துடுப்புப் போடும் நால்வருக்கும்
எல்லைக்கோடு தெரியாது.
போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்கள்.
அவர்களுக்குத் தெரிவது நான் மட்டும்:
பதினாறு வயது, நாற்பத்தொன்பது கிலோ,
அமரத்தில் நின்று சுக்கான் துடுப்பைப் பிடித்தபடி
கத்துகிற ஒரு தொண்டை.

பெர்மேயோவில், எங்கள் பள்ளிப் படகுக்கு
என்னைத் தலைவியாக்கியபோது
ஒரு விசிலும் ஒரு கையேடும் தந்தார்கள்.
கையேட்டில் பன்னிரண்டு பண்புகள்.
'தெளிவு' மூன்றாவது.
'அண்ணன்' என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

பென்யாத் என் முழங்கால் இடிக்கும் தூரத்தில் இருப்பான்.
முதல் துடுப்பு.
அவன் இழுத்தால்தான் மற்ற மூவரும் இழுப்பார்கள்.
பொய் சொல்லும்போது அவனுக்கு இடது புருவம் ஏறும்.
மாதா கோவில் ஜன்னலை உடைத்த நாளிலிருந்தே
எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை, முப்பதாவது இழுப்பில்
புருவம் ஏறியது.
புதன்கிழமை, இருபதாவதில்.
தோள்.

வியாழக்கிழமை படகுக் கொட்டகையில்
எல்லோர் முன்னாலும் சொன்னேன்:
"சனிக்கிழமை பென்யாத் வேண்டாம். தெல்மோ."
உனாஷ் கையிலிருந்த துணியைக் கீழே போட்டான்.
நான்குவரை எண்ணுவதற்குள்
ஒன்றைத் தவறவிடுகிற தெல்மோ
தன் பெயர்தானா என்று பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"சொல்வது தங்கையா, தலைவியா?"
அண்ணன் கேட்டான்.
"கையைத் தூக்கு" என்றேன்.
காதுவரை வந்த கை
அங்கேயே நின்றது.
யாரும் சிரிக்கவில்லை.
அதைத் தனியாகக் கேட்டிருக்கலாம்.
இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.

நான்கு வயதில் என் தொண்டையில் முள் சிக்கியதிலிருந்து
என் மீனுக்கு முள் எடுப்பது அவன்தான்.
யாரும் சொல்லி வைத்ததில்லை,
தட்டு அவன் பக்கம் போகும், வெறும் சதையாகத் திரும்பும்.
அன்றிரவு மத்தி.
தட்டு போகவில்லை.
நானே எடுத்தேன், பாதியை எடுத்தேன்,
மீதியை ரொட்டியோடு விழுங்கினேன்.
நெத்திலி ஆலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த அம்மா
உப்பு ஊறிய விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:
"இந்த வீட்டில் என்ன, இரண்டு கப்பலா ஓடுகிறது?"

வெள்ளிக்கிழமை அப்பா கூப்பிட்டார்,
இந்தியப் பெருங்கடலில் எங்கோ, சூரை மீன் கப்பலிலிருந்து.
"நாளைக்கு முதல் துடுப்பு அவன்தானே?"
"தெல்மோ, அப்பா."
அவர் குரல் எப்போதும் மூன்று நொடி பிந்தி வரும்.
அன்று ஐந்து நொடி.
கூடுதல் இரண்டும் கடலுடையதா அவருடையதா
தெரியவில்லை.

சனிக்கிழமை.
தெல்மோவின் முகத்தை எனக்குப் படிக்கத் தெரியாது.
அது புருவமே இல்லாத முகம்போல் இருந்தது.
பாதி வழியில், எண்ணுவதை விட்டுவிட்டுக் கேட்டேன்:
"வலிக்கிறதா?"
"ஆமாம்" என்றான்.
"நிறுத்தவா?"
"ஐயோ, எண்ணு!"
எண்ணினேன்.
ஐந்து படகில் நான்காவதாக வந்தோம்.
அலைத்தடுப்புச் சுவரில் பென்யாத் நின்றிருந்தான்.
கை தட்டவில்லை.
ஒரு கையால் எப்படித் தட்டுவது என்று
பிறகுதான் தோன்றியது.

இரவு மறுபடி மத்தி.
ஒரு தட்டு மேசையில் உராய்ந்தபடி வந்து
என் முன்னால் நின்றது.
அவனுடையது.
"தோள் வலிக்கிறது" என்றான், சுவரைப் பார்த்து.
புருவம் ஏறவில்லை.

ஒவ்வொன்றாக எடுத்தேன்.
நடு முள், விலா முள்,
மயிர்போல் ஒளிந்திருக்கும் வால் முள்.
அம்மா விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தினாள்.

ஒன்றை மட்டும்
வேண்டுமென்றே விட்டுவைத்தேன்.