இருப்பு

கோர்ட்டுத் தமிழில் அவனுக்குப் பெயர் எதிரி.
எனக்கு, எதிரி தரப்பு சாட்சி இரண்டு.
நீடாமங்கலம் அரசு ஆஸ்பத்திரி மருந்தாளுநர்
என்று கூண்டில் ஏறிச் சொன்னபோது
இருமல் மருந்து மாதிரி பிசுபிசுத்தது குரல்.

பதிவேட்டை நான்தான் சுமந்துபோயிருந்தேன்.
பச்சை அட்டை, ஒரு மூலை எலி தின்றது.
ஐப்பசிப் பக்கத்தை விரித்துப் படிக்கச் சொன்னார் வக்கீல்.
ரிஸ்பெரிடோன் இரண்டு மில்லிகிராம். இருப்பு: இல்லை.
அடுத்த நாள்?
இல்லை.
அதற்கடுத்த நாள்?
மேற்படி என்று போட்டிருக்கிறேன் ஐயா.
பத்தொன்பது நாளைக்கு மேற்படி.

அந்தப் பத்தொன்பதில் மூன்று தடவை
பக்கிரிசாமியின் அக்கா சைக்கிளில் வந்தாள்.
மூன்றாம் தடவை நல்ல மழை.
வெளியில் வாங்கிக்கொள்ளச் சொல்லிச் சீட்டு எழுதினேன்.
களை பறிக்கிற கூலியில் அது எத்தனை நாள் என்று
எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் எழுதினேன்.

பத்தொன்பதாம் நாள் ராத்திரி
கோரையாறு கரையை முட்டிக்கொண்டு போனது.
மேலூர்க்காரன் திற என்பான், கீழூர்க்காரன் மூடு என்பான்,
மண்டை உடையும் என்று
மதகில் காவல் போட்டிருந்தார்கள்
ஏட்டு ராயப்பனை.
தொப்பிக்கு மேல் உரச்சாக்கைக் கொங்காணி போட்டு
டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஷட்டருக்கு அடியில் யாரோ அழுகிற சத்தம்
பக்கிரிசாமிக்குக் கேட்டது.
ராயப்பனுக்குக் கேட்கவில்லை.
ரெண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது
ஷட்டரைத் திருகுகிற இரும்புக் கைப்பிடி.

மறுநாள் காலை
திருவாரூர்க் கிடங்கிலிருந்து வேன் வந்தது.
பெட்டியை இறக்கிக் கையெழுத்துப் போட்டேன்.

அரசு வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை.
இவன் ஆற்றில் கை கழுவியிருக்கிறான்.
கழுவத் தெரிந்தவனுக்குக் கறையும் தெரியும்.
செத்தவர் யூனிபாரத்தில் இருந்தார்,
ஊருக்காக மழையில் நின்றார்,
அவர்மேல் விழுந்தது எல்லார்மேலும் விழுந்த அடி.
அதுவும் சரிதான் என்று பட்டது.
மூன்றாவது பெஞ்சில் வியாகுலமேரி
குடையின் கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

குற்றவாளி என்று சொன்ன பிறகு ஒன்று கேட்க வேண்டுமாம்.
தண்டனை பற்றி ஏதாவது சொல்கிறாயா?
பக்கிரிசாமி நிமிர்ந்தான்.
ஜெயிலில் மாத்திரை தவறுவதில்லை,
நாக்கு தடித்திருந்தது.
"ஷட்டர ஒரு சாண் தூக்கச் சொல்லுங்கய்யா."

தட்டச்சர் நீதிபதியைப் பார்த்தார்.
நீதிபதி கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
பிறகு அவர் சொல்ல, இவர் அடித்தார்:
எதிரி சொல்வதற்கு ஏதும் இல்லை.

என் கையெழுத்து அது, அந்த இல்லை.

தூக்கு கேட்டிருந்தார்கள். ஆயுள் கொடுத்தார்.
வியாதியைக் கருத்தில் கொண்டு, என்றார்.
கயிற்றை அவிழ்க்கக் காணும் வியாதி,
கதவைத் திறக்கக் காணாது.
நானும் தினம் செய்கிறேன் இதை,
முழு மாத்திரையைப் பாதியாக உடைத்து
காகிதத்தில் மடித்துக் கொடுப்பதை.

திங்கட்கிழமை வியாகுலமேரி சீட்டோடு வந்தாள்.
தூக்க மாத்திரை, பத்து.
கொடுத்தேன். நகரவில்லை.
"நீங்கதான சாட்சி சொன்னது?"
ஆமாம்.
"அந்த மாத்திர இப்ப இருக்கா?"
இருக்கு.
"எடுங்க, பாக்கணும்."
டப்பாவைத் திறந்து தட்டில் கொட்டினேன்.
சின்னது, வெள்ளை, நடுவில் ஒரு கோடு.
"எண்ணுங்க."

வரிசையில் யாரோ முனகினார்கள்.
ஒரு குழந்தை இருமியது.
நான் எண்ணினேன்.
நூற்றுப் பதினொன்றோ பன்னிரண்டோ,
தவறவிட்டேன்.

முதல்லேர்ந்து, என்றாள்.