இருபத்தாறாம் வாரத்துக்குப் பிறகு

தீவன மூட்டையின் பின்புறம் ஓர் அட்டவணை.
எத்தனையாவது வாரத்தில் எவ்வளவு போட வேண்டும்,
போட்டால் எத்தனை கிலோ ஏறும்.
இருபத்தாறாம் வாரத்தோடு கோடு கிழித்து முடிகிறது.
அதற்குக் கீழே மூட்டையைத் தைத்த நூல்தான்.

ரிக்மோருக்கு இப்போது ஒன்பது வயது.

யூட்லாந்து நெடுஞ்சாலையில், வீபோர் தாண்டிய வளைவில்,
ஓடும் லாரியிலிருந்து விழுந்தவள்.
காதில் மஞ்சள் வில்லை, வில்லையில் எண்.
பெயர் வைத்தவர் பிரேபென், ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்:
இருபது வருடம் அவர் பஸ்ஸில் ஏறி
ஒருநாளும் சரியான சில்லறை தராத
ஒரு பெண்மணியின் நினைவாக.

நான் இங்கே பெரும்பாலும் செய்வது
பட்டியல் போடுவது.
யாருக்கு எந்தக் காலை, யாருக்கு எந்த மாலை.
ஜூலையில் ஐம்பது பேர் வருகிறார்கள்,
ஆட்டுக்குட்டியோடு படம் எடுத்துக்கொள்ள.
பிப்ரவரியில், குழாய் உறைந்த இருட்டில்,
வெந்நீர் வாளியோடு நிற்பது நான்கு பேர்.
அதில் ஒருவருக்கு முதுகுவலி.
ஆளில்லாத கட்டங்களை என் பெயரால் நிரப்புகிறேன்,
கண்ணில் படாதிருக்க வெவ்வேறு பேனாவால்.

தொலைபேசியில் நான் அதிகம் சொன்ன சொல் 'இடமில்லை'.
போன வாரம் நாற்பது கோழிகளுக்குச் சொன்னேன்.
மடி வற்றிய ஒரு பசுவுக்குச் சொன்னேன்.
சொல்லிவிட்டுக் காப்பி போட்டுக் குடித்தேன்.
நன்கொடை கேட்கும் கடிதத்தில்
இதையெல்லாம் எழுதுவதில்லை.

வியாழக்கிழமை மட்டும் தோர்கில் வருவார்.
வேலி அடிப்பார், கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவார்.
பன்றிக் கொட்டிலுக்குள் காலெடுத்து வைத்ததில்லை.
முன்பு எங்கே வேலை பார்த்தார் என்று நாங்கள் கேட்டதில்லை.
அவர் ஊரில் பாதிப்பேர் பார்த்த வேலை.
வலது கையில் இரண்டு விரல்கள் அரைகுறை.

மார்ச்சில் ஒருநாள் ரிக்மோர் எழுந்திருக்கவில்லை.
முன்னங்கால் மூட்டு வீங்கிப் பளபளத்தது.
ஆறு மாதம் தாங்கினால் போதுமென்று
யாரோ கணக்குப்போட்டு உண்டாக்கிய கால்கள்.
மருத்துவர் சில்லே சின்னப் பெண், பொய் வராது அவளுக்கு.
"கிழட்டுப் பன்றிக்கு என் புத்தகத்தில் பக்கமே கிடையாது.
மூட்டுவலி வருமளவு பிழைத்திருந்த பன்றியை
இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.
எடையைச் சொல்லுங்கள், மருந்தளவு சொல்கிறேன்.
கூடினால் சிறுநீரகம் போகும். குறைந்தால் வலி நிற்காது."

எங்கள் தராசு நூற்றைம்பதோடு முரண்டுபிடிக்கும்.
சோல்வை தையல் நாடாவால் மார்பைச் சுற்றி அளந்தாள்.
நாடா எட்டவில்லை.
பிரேபென் முந்நூற்றைம்பது என்றார், நான் இருநூறு என்றேன்,
ஏலம் போடுகிறவர்களைப் போல.

வேலிக்கு அப்பாலிருந்து,
வாயில் இரண்டு ஆணியோடு,
"இருநூற்று எண்பத்துநாலு" என்றார் தோர்கில்.

எண்பத்தைந்து என்று முழுதாக்கக்கூட இல்லை.

ஆணிகளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
"இருபத்திரண்டு வருடம். ஒரு நாளைக்கு" என்று தொடங்கி
எண்ணிக்கை சொல்லாமல் சுத்தியலைத் தேடினார்.
சுத்தியல் அவர் கையில்தான் இருந்தது.

சில்லே அந்த எண்ணுக்கு மருந்தை உறிஞ்சினாள்.

மூன்றாம் நாள் ரிக்மோர் எழுந்தாள்,
முதலில் பின்புறம், பிறகு ஒரு முனகல், பிறகு மீதி.
நேரே போய், அவர் அடித்த புது வேலியில்
முதுகைத் தேய்த்து இரண்டு பலகையைப் பெயர்த்தாள்.
"மன்னித்துவிட்டதோ?" என்றாள் சோல்வை.
அரிப்பு என்றேன்.

அடுத்த வியாழன் கட்டத்தை
யார் பெயரும் போடாமல் விட்டிருந்தேன்.
வந்தார். பலகைகளைப் பார்த்தார்.
ரிக்மோரை இன்னும் அதிக நேரம் பார்த்தார்.
"எழுபத்தொன்பது. இளைத்துவிட்டாள்."

மூட்டையின் அட்டவணை இப்போது கொட்டில் சுவரில் இருக்கிறது.
இருபத்தாறுக்குக் கீழே பழுப்புக் காகிதம் ஒட்டி,
சணலில் ஒரு பென்சில் கட்டியிருக்கிறோம்.
நானூற்று எழுபத்திரண்டாம் வாரம்: 279.
எழுத்து என்னுடையதில்லை. அடிக்கோட்டில் ஆணிப்பிடி நடுங்கல்.

தொலைபேசி அடிக்கிறது.
அந்தச் சொல்லைத் தொண்டையில் தயாராக வைத்துக்கொண்டு
எடுக்கிறேன்.
வாத்துகளாம்.
எத்தனை என்று கேட்டுத் தொலைக்கிறேன்.