பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டின் ஓரத்தில்

காற்றுகளுக்கு வரைபடம் கீறியவன் அந்த நாவலின் நாயகன்.
பதினொரு இரவு நித்திரையில்லை.
பன்னிரண்டாம் நாள் விடிய
சுவர் முழுக்கக் கரியால் ஒரு புயல்.
"இந்த இடத்தைக் கோடிடுங்கோ" என்றா சிவகௌரி மிஸ்.
"மேதைமையும் பித்தும் ஒரே கதவால வாற இடம்.
சோதினைக்கு வரும்."
திருநெல்வேலியில் சனிக்கிழமை வகுப்பு.
மின்விசிறி நின்றுபோன அறையில்
நாற்பது பேரின் மஞ்சள் பேனைகள்
ஒரே வரியில் ஓடின.
நான் பென்சிலால் கோடு போட்டேன்.

என்னுடையது லைப்ரரிப் பிரதி,
முதுகில் பசைநாடா.
எனக்கு முன் வாசித்த யாரோ
ஓரத்தில் பேசியிருந்தார்.
புயல் வரைந்த பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை.
அதற்கு முந்திய பக்கத்தில்
தங்கச்சி கொண்டுவந்து வைத்த கஞ்சி ஆறிப்போனதாய்
அரை வரி வருகிறதே, அதன் பக்கத்தில்:
"சாப்பிட்டவனோ?"

பக்கம் 140: "இவ்வளவு நாளும் ஆர் இரவில கதவு பூட்டினது?"
பக்கம் 187, தெருவில் நின்று
வாடைக்காற்றோடு அவன் வாதாடும் இடம்,
மிஸ் குரல் உடைய இரண்டு தரம் வாசித்த இடம்:
"காலில செருப்பு இல்லை."
பக்கம் 212: "மருந்து?"
அவ்வளவுதான்.
கேள்விக்குறியின் அடியில் தாள் கிழிந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் கதையை வாசிக்கவில்லை,
ஓரத்தைத்தான் வாசித்தேன்.

எங்கட கேதாரன் மேதையில்லை.
கோண்டாவிலில் வயரிங் வேலை.
ஓ.எல். கணிதத்தில் சாதாரண சித்தி, அதுவும் இரண்டாம் தரம்.
நித்திரை இழந்த ஐந்தாம் இரவு
வீட்டு வயர் முழுவதையும் பிடுங்கி
விடியமுன்னம் திரும்பப் பூட்டினான்.
குசினி லைற்றைப் போட்டால் கிணற்று மோட்டர் ஓடியது.
சாமியறைச் சுவிச்சை அமத்த
ஒழுங்கை முழுக்க இருட்டு.
"எல்லாம் ஒண்டுதான், விளங்கேல்லையோ உங்களுக்கு?"
அந்தச் சிரிப்பில் ஒரு வெளிச்சம் இருந்தது,
பொய் சொல்லமாட்டேன்.
அதை ஒருவரும் எழுதவில்லை.
மின்சாரசபையிலிருந்து வந்தவர்
தண்டம் எழுதினார்.

மேதையின் பித்துக்கு முந்நூற்று எழுபது பக்கம்.
மற்றவனுடையதுக்கு
தெல்லிப்பழை கிளினிக் கொப்பி.
புதன்கிழமை, புதன்கிழமை, புதன்கிழமை,
டொக்டரின் கோழிக்கீறல்,
நடுவில் ஒரு மாதம் வெறுமை.
அந்த வெறுமைக்குள் ஒரு அத்தியாயமே இருக்கிறது.
எழுதமாட்டேன்.

மாதிரிச் சோதினையில் கேள்வி வந்தது,
மிஸ் சொன்ன மாதிரியே.
நான் கஞ்சியைப் பற்றி எழுதினேன்.
தங்கச்சியின் பெயர் நாவலில் எத்தனை இடத்தில் வருகிறது
என்று எண்ணி எழுதினேன்: நான்கு.
'விடயத்தை விட்டு விலகியுள்ளது' என்று
சிவப்பில் வந்தது.
உண்மைதான், விலகித்தான் இருந்தேன்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கையில்
மதனவல்லி அக்கா தாள்களைத் தட்டிப் பார்த்தா.
"இதெல்லாம் ஆர் கிறுக்கினது?
லைப்ரரிப் புத்தகம் எண்டு தெரியாதோ?"
நானில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
அவவின் பெருவிரல் 212இல் நின்றது.
"நான்தான் அக்கா."
நூற்றைம்பது ரூபா.
அழிறப்பரும் தந்தா,
இருந்து எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் போகச் சொல்லி.

சன்னலோர மேசையில் இருந்து
புயலுக்குக் கீழே நான் போட்ட கோட்டை
மட்டும் அழித்தேன்.

வெளியே கேதாரன் சைக்கிளோடு நின்றான்.
"கடைசியில அந்தாளுக்கு என்னவாம்?"
"சிலை வைக்கினம்."
கொஞ்ச நேரம் யோசித்தான்.
மருந்து நடுக்கம் ஹாண்டிலில் கிலுங்கியது.
"வெயிலுக்க எல்லோ நிக்கவேணும், பாவம்" என்றவன்
நான் ஏற முன்னம்
கரியரின் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்தான்.