பதினேழு அங்குலம்

இங்கே சித்ரா என்பது பெண் பெயர் இல்லை,
பஹ்ரைனில் ஒரு தீவு.
எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பின்னால்
லாரிகள் திரும்புகிற வெறுந்தரையில்
வெள்ளிக்கிழமை காலை நான்கரைக்கு
சுண்ணாம்புக் கோடு போடுவாள் அமலோற்பவம்.
சுத்திகரிப்பு ஆலையின் சுடர்தான் விளக்கு.
ஐந்தேகாலுக்குள் பனியன் முதுகில் ஒட்டிவிடும்.

பெயர் நீளமாம்.
அன்றைக்கு மாவட்ட அணிச் சட்டையில்
‘அமலோ’வோடு நிறுத்திவிட்டான் அச்சுக்காரன்.
பெண்கள் பேஸ்பாலுக்கு அதுதான் முதல் அணி.
மொத்த மைதானத்துக்கும் கையுறை நான்கு.
ஆட்டம் மாறும்போது தரையில் போட்டுவிட்டுப் போவார்கள்;
எடுத்து மாட்டினால் உள்ளே
எதிரணிக்காரியின் வியர்வை இன்னும் சூடாக இருக்கும்.
கையுறை இல்லாத ஐந்து பேரில்
இவள் ஷார்ட் ஸ்டாப்.
இடது சுண்டுவிரல் இப்போதும் மடங்காது.

சான்றிதழோடு ரயில்வேக்குப் போனாள்.
‘எறிபந்தாம்மா?’ என்றார் அதிகாரி.
பட்டியலில் இந்த ஆட்டமே இல்லை.
அப்புறம் விசா, மனாமா, சலவைக்கூடம்,
ஓட்டல் படுக்கை விரிப்புகளின் கணக்கு.
பதினோரு வருடம் ஒரு பந்தையும் தொடவில்லை.

நான் கேட்சர்.
ஆறு நாள் டயர் கம்பெனியில் ரசீது போடுகிறவள்.
முட்டி மடக்கி உட்காரவே ஒரு மாதம் ஆனது.
அழகு நிலையத்து மரிசெல், காவல் வேலை வன்ஜிரு,
தில்ருக்ஷி, கல்லூரிக்குப் போகிற ஸைனப்,
இன்னும் நாலு பேர்.
எங்களிடம் அவள் கத்துவது ஒன்றுதான்:
‘ஸாரி சொல்லிக்கிட்டே ஓடாத. பேஸு உன்னது.’

ஹோம் பிளேட் என்றால் வீடு என்று
ஒருமுறை உருகிப் பேசினேன்,
கடல் தாண்டி வந்தது, திரும்பிப் போவது என்றெல்லாம்.
கேட்டுக்கொண்டே ஷூ லேஸ் கட்டினாள்.
‘ரப்பர். பதினேழு அங்குலம் அகலம்.
தொட்டுட்டு நகரு, அடுத்தவ வர்றா.’

ஜுஃபைர் அணியோடு ஆட்டம்.
மணப்பெண் அலங்காரம் வந்துவிட்டதென்று
மரிசெல்லை விடவில்லை.
எட்டுப் பேரானோம்.
மரிசெல்லின் சட்டையைத் தலைவழியே
இழுத்து மாட்டிக்கொண்டாள் கோச்.
அக்குளில் தையல் விட்டது.

கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் குறைவு. இரண்டு அவுட்.
மூன்றாவது பேஸில் வன்ஜிரு நிற்கிறாள்.
மட்டையோடு அமலோற்பவம்.
முதல் பந்து, காற்றைத்தான் அடித்தாள்.
இரண்டாவது பின்னால் பறந்து
லாரித் தகரத்தில் மோதி டம்மென்றது.
மூன்றாவது வந்தது.
பார்த்தாள்.
மட்டை தோளைவிட்டு இறங்கவே இல்லை.
நடுவர் கை உயர்ந்தது.

‘வெளியே போன பந்து!’ என்று
நாலு மொழியில் கத்தினோம்.
ஸைனப் வேலிவரை ஓடினாள்.
‘உள்ளேதான் வந்துச்சு’ என்றாள் அவள்.
ஹெல்மெட்டைக் கழற்றி
அவர்கள் கேட்சருக்குத் தலையசைத்தாள்.

வேனில் யாரும் பேசவில்லை.
மடியில் ஸ்கோர் புத்தகம்.
ஆட்டக்காரி பெயர் என்ற கட்டத்தில்
அ, ம, லோ...
நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போனாள்;
கோட்டைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்தில் முடிந்தது.
அதற்கு நேரே
இடம்வலம் திருப்பிப் போட்ட ஒரு கே:
பார்த்துக்கொண்டே நின்று அவுட்.

புத்தகத்தை மூடினாள்.
‘மரிசெல் வரலைன்னா
வியாழக்கிழமையே சொல்லச் சொல்லு’ என்றாள்,
கிழிந்த அக்குளை
இன்னொரு கையால் பிடித்தபடி.