ஒன்பது மணி சூப்

ஒரு தீக்குண்டு ஆயிரம்.
நூற்றுக்கு முப்பது தடவை அது இரட்டிக்கும்.
ஆகச் சராசரி ஆயிரத்து முந்நூறு.
இதுவரை சிக்கலில்லை.

மோதிரத்தை மாற்றினால்
மந்திர வலிமை பதினைந்து ஏறும்,
இரட்டிப்பு வாய்ப்பு ஒன்று இறங்கும்.
கிரேனின் கண்ணாடிக் கூண்டில்,
நாற்பது மீட்டர் உயரத்தில்,
க்டினியா துறைமுகம் பனியில் வெளிறிக் கிடக்க,
அடுத்த பெட்டி வரும்வரை
கைபேசியில் பெருக்கிப் பார்த்தேன்:
ஆயிரத்து முந்நூற்று ஒன்பது.

ஒன்பது கூடுதல்.
அந்த ஒன்பதுக்காகப் பதினோரு இரவு
ஒரே குகையில் ஒரே சிலந்தியைக் கொன்றேன்.

என் மந்திரக்காரியின் பெயர் ச்மா.
எங்கள் மொழியில் விட்டில் என்று பொருள்.
விளக்கில் போய் விழுகிற விட்டில் அல்ல,
விளக்கைத் தூக்கி எறிகிறவள்.
இரண்டரை வினாடிக்கு ஒரு குண்டு.
உப்பு அரசியோடு சண்டை ஆறு நிமிடம்.
நூற்று நாற்பத்து நான்கு குண்டு.

"மரப்பொம்மையை அடித்துக் கணக்குப் போடாதே," என்பான்
கேடயம் பிடிக்கும் ரெமிகியுஷ்.
பகலில் டயர் விற்கிறவன்.
"மரப்பொம்மை நகராது, கடிக்காது."
எனக்கும் தெரியும்.
ஆனாலும் பொம்மையிடம் எல்லாம் சரியாக வந்தது,
இரவு ஒன்பது ஐந்து வரைக்கும்.

ஒன்பது ஐந்துக்கு என் எண் சரியும்.
தினமும்.
கோலை மாற்றினேன். கஷாயத்தை மாற்றினேன்.
தொப்பியில் பதித்த சிவப்புக் கல்லைப் பிடுங்கி
நீலக்கல் வைத்தேன். பலனில்லை.
அப்புறம் ஒருநாள் தரையிடுக்கு வழியே
பீட்ரூட் வாசனை.

கீழ்வீட்டு போகுமில்.
நுண்ணலை அடுப்பில் மூன்று நிமிடம் சூப் சுடவைக்கிறார்.
அந்த மூன்று நிமிடம்
என் வைஃபை மூச்சுத் திணறுகிறது.
சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்க
வீட்டுக்காரர் விடமாட்டார்.
குண்டுக்குக் கால் வினாடிக்கு மேல் தாமதம்.
எழுபத்திரண்டு போக வேண்டியது
அறுபத்து நான்குதான் போகிறது.
பதினோரு இரவின் மோதிரம் ஒரு சண்டைக்குத் தந்தது
ஆயிரத்து முந்நூறு சொச்சம்.
ஒரு கிண்ணம் சூப் குடித்துவிட்டுப் போனது
பத்தாயிரத்து நானூறு.

சிரித்தேன். பிறகு அட்டவணையில்
'சூப்' என்று ஒரு பத்தி சேர்த்தேன்.
ஆம். ஆம். ஆம். ஆம்.

பிப்ரவரியில் ஓர் இரவு எண் சரியவில்லை.
மறுநாளும்.
மூன்றாம் நாள் உப்பு அரசி
நாற்பது வினாடி முன்னதாகவே உடைந்தாள்.
பட்டியலில் என் பெயர் உச்சியில்.
"என்ன மாத்தினே?" என்றாள் ஒதிலியா,
எங்களுக்கு உயிரூற்றுகிறவள்.
அட்டவணையைப் பார்த்தேன்.
இல்லை. இல்லை. இல்லை.

காலுறையோடு இறங்கி ஓடினேன்.

கதவு திறக்க நேரமானது.
வலக்கை முழுக்க மாவுக்கட்டு.
படகுத்துறைப் பனியில் வழுக்கியதாம்.
மேசையில் சூப் டப்பா,
பாதி குத்திய கத்தி அதிலேயே நிற்க.
மூன்று நாளாக ரொட்டிதான்.
ஆறு வருடத்தில் நாங்கள் பேசியது
லிஃப்ட் வேலை செய்யவில்லை என்பது மட்டும்.

திறந்தேன். ஊற்றினேன்.
பொத்தானை அவரே இடக்கையால் அழுத்தினார்.
தட்டு சுழன்றது.
மாடியில் கழற்றி வீசிய காதுக்கருவிக்குள்
ரெமிகியுஷ் கத்திக்கொண்டிருந்திருப்பான்.
அடுத்த அறையின் பூதம்
ச்மாவைத் தின்றிருக்கும்.

"எட்டரைக்கே சாப்பிடலாமே?" என்று
மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.
"எட்டரைக்கு வானிலை அறிக்கை," என்றார்.

சரி.
எட்டுக் குண்டு.