ஜன்னலைப் பற்றி

புந்தா அரேனாஸில் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை.
இந்த ஊர்க் காற்று கேட்டுவிட்டு உள்ளே வருவதல்ல.
வசந்தத்தில் தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்,
அதைப் பிடித்துக்கொண்டுதான்
வங்கிக்குப் போகிறோம், பல் பிடுங்கப் போகிறோம்.
என் மகள் மூன்று வாரமாக
இரவு பதினொன்றுக்கு ஜன்னலைத் திறக்கிறாள்.

தாழ்ப்பாள் சத்தம் எனக்குத் தெரியும்.
அதற்கு எண்ணெய் போடாமல் விட்டவன் நான்தான்.

அப்புறம் புதினா மிட்டாய்.
அப்புறம் ஆரஞ்சுத் தோலை விரல்களில் தேய்க்கும்
புதுப் பழக்கம்.
துவைக்கப் போட்ட கோட்டின் பையில்
பழுப்பாய் ஒரு சிட்டிகைத் தூள்.
தேயிலையாக இருக்கட்டும் என்று
கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன்.

ஜலசந்தியைக் கடக்கும் படகில் எனக்கு வேலை.
லாரிகளுக்குச் சைகை காட்டுவேன்: வா, வா, இன்னும், நில்.
பதினெட்டுச் சக்கரத்தை
ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தத் தெரியும்.
பதினைந்து வயதுக்கு
எந்தக் கையை உயர்த்துவது?

ஒத்திகை பார்த்தேன், சங்கிலிகளை மாட்டிக்கொண்டே.
‘மிர்னா, உன்னை நம்புகிறேன்.’ பொய்.
‘மிர்னா, உன்னை நம்பவில்லை.’ அதுவும் பொய்.
‘நுரையீரல் என்பது...’ பள்ளிக்கூடச் சுவரொட்டி.
‘உன் அம்மா இருந்திருந்தால்...’
அம்மா இருக்கிறாள், அக்கரையில், போர்வெனிரில்,
வேறொருவருடன், நன்றாகவே.
வேலை நாளெல்லாம் அந்தக் கரையைத் தொட்டுத் திரும்புகிறேன்.

சனிக்கிழமை, வண்டியில் வைத்துக் கேட்டுவிடுவது என்று முடிவு.
வண்டியில் இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்க்கலாம்.
முகம் பார்த்துக் கேட்டால்
முகம்தான் பதில் சொல்லும்.

“ராத்திரி ஜன்னலைத் திறக்கிறியே.”
“ரூம் சூடு.”
எல்லா வீட்டிலும் ஹீட்டர் கொதிக்கிறது, உண்மைதான்.
எவ்வளவு நல்ல பொய், முழுக்க உண்மையால் செய்தது!
எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.
“மிர்னா.”
“என்ன.”
“திறக்கும்போது
தலையில குல்லா போட்டுக்க.”

அவ்வளவுதான்.
மூன்று வார ஒத்திகை ஒரு குல்லாவில் போய் முடிந்தது.
அவள் திரும்பி என்னைப் பார்ப்பது
என் வலது காதில் தெரிந்தது.
வைப்பர் உப்பை இழுத்து இழுத்துக் கண்ணாடியில் பூசியது.

பெட்ரோல் பங்கில் கதவைத் திறந்தவள், இறங்காமல்,
“எப்பத்திலேர்ந்து தெரியும்?” என்றாள்.
“எது?” என்றேன்.
கோழை. எட்டிப் பிடிக்கும் தூரத்தில் வந்து நின்றதை
நானே தள்ளிவிட்டேன்.
காற்று அவள் கையிலிருந்து கதவைப் பிடுங்கியது.
இந்தப் பக்கத்திலிருந்து பாய்ந்து
கோட்டின் முதுகைப் பற்றினேன்.
புகை வாடை, ஆரஞ்சு வாடை.
இரண்டுக்கும் அடியில், கழுவினாலும் போகாத
அவள் தலைமுடியின் வாடை.
“விடு, பப்பா, நான் பறந்திட மாட்டேன்.”
உடனே விடவில்லை.

திங்கள் இரவு தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.
குல்லா போட்டாளா என்று எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

செவ்வாய் விடிகாலை, என் தெர்மாஸுக்குப் பக்கத்தில்
கசங்கிய ஒரு பாக்கெட்.
எண்ணினேன். ஏழு.
இருபதில் மிச்சம் ஏழு என்றால் பதின்மூன்று.
பதின்மூன்று இரவுகளா,
தோழிகளோடு கடற்சுவரில் ஒரே ஒரு மாலையா,
இது முதல் பாக்கெட்டா, ஆறாவதா?
கணக்கை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்,
விடையை வைக்கவில்லை.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
துறையில் முதல் லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு
காத்திருந்தது.
கையை உயர்த்தினேன்.
வா. வா.
இன்னும்.